தீர்ப்புக்கு ஏன் இத்தனை அவசரம்?

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று தமிழகத் திரையரங்குகளில் வெளியானது. சூரியும் அன்னா பென்னும் நடிக்க, சிவகார்த்திகேயனின் நிறுவனம் தயாரித்த படம் அது. அதே ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டிருந்தது. வெளியான முதல் நாளே தமிழ்ப் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது என்று சலித்துக்கொண்டார்கள் ஒரு சாரார். இது உலகத் தரம், பிடிக்காதவர்களுக்கு ரசனை போதாது என்றார்கள் மறு சாரார். இத்தகைய படம் விழாக்களோடு நின்றிருக்க வேண்டும், திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்ற குரல் திரையுலகுக்குள்ளிருந்தும் எழுந்தது. இத்தனை பேச்சுக்கு நடுவிலும் படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அதில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்காது. எல்லோரும் தீர்ப்பைச் சொன்னார்கள். எதைப் பார்த்து அந்தத் தீர்ப்புக்கு வந்தோம் என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலர். பழகிய பாதையில் போகாத ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புகிறவரின் முதல் கடமை, திரையில் என்ன கண்டோம், என்ன கேட்டோம் என்பதைச் சொல்வது. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இந்த வரிசை தலைகீழாவதால் படங்களும் கெடுகின்றன, பார்வையாளர்களாகிய நாமும் கெடுகிறோம்.

‘கொட்டுக்காளி’யையே எடுத்துக்கொள்வோம். மீனா என்கிற இளம்பெண் வேறு சாதிப் பையனை விரும்பிவிட்டாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பம் முடிவு கட்டுகிறது. அவளை மணக்க நிச்சயிக்கப்பட்டிருக்கும் பாண்டியும் உறவினர்களும் ஓர் ஆட்டோவிலும் இரு சக்கர வாகனங்களிலுமாக அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். பலி கொடுப்பதற்கான சேவலும் உடன் வருகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் திரையில் நாம் காண்பது இந்தச் சுருக்கத்தை அல்ல. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்திலேயே அதிகாரம் மிகுந்தவனின் குரல் படம் முழுக்கக் கரகரத்துத்தான் வெளிப்படுகிறது. மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. அவள் மௌனம்தான் அத்தனை ஆண்களையும் நிலைகொள்ளாமல் தவிக்க வைக்கிறது. வழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் திரைப்பாட்டை அவள் முணுமுணுக்கிறாள். அந்தச் சின்ன முணுமுணுப்புக்குப் பாண்டி அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடித்து நொறுக்குகிறான். ஒரு காளை பாதையை மறித்து நிற்கும்போது வீரம் பேசிய ஆண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். கடைசியில் சாமியாடி இன்னொரு பெண்ணுக்குச் செய்யும் சடங்கைப் பாண்டி பார்க்கிறான். அதன் பிறகு அவன் என்ன முடிவெடுக்கிறான் என்பதைப் படம் சொல்லவில்லை. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு ஒருவர், ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லலாம். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று மட்டும் சொல்ல முடியாது.

இந்தப் படம் குறித்து அதிகம் புழங்கிய சொல் ‘ஸ்லோ’. அந்தச் சொல்லைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பது நல்லது. படம் ஓடும் நேரம் சுமார் 100 நிமிடங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நட்சத்திரப் படங்களுக்குப் பழகிய நமக்கு அது நீளமான படமே இல்லை. கதை மாந்தர்கள் பெரும்பாலும் பயணத்திலேயே இருக்கிறார்கள். பிறகு ஏன் மெதுவாகத் தோன்றுகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, படத்தில் பின்னணி இசையே கிடையாது. எந்த இடத்தில் பதற வேண்டும், எங்கே இளக வேண்டும் என்று நமக்கு எடுத்துக்கொடுக்கும் வயலின்களும் மேளங்களும் இல்லை; காற்று, வண்டிச் சத்தம், சேவலின் கொக்கரிப்பு, மனிதக் குரல் ஆகியவை மட்டுமே உள்ளன. மற்றொன்று, ஒரு செயல் தொடங்கி முடியும்வரை கேமரா பெரும்பாலும் விலகுவதில்லை. ஆட்டோவைத் திருப்ப வேண்டுமென்றால் திருப்பி முடிக்கும்வரை நாமும் அங்கே நிற்கிறோம். இப்படிச் சொன்ன உடனேயே உரையாடல் வேறு தளத்துக்குப் போய்விடுகிறது. இசையில்லாத இந்த நேரம் மீனா அனுபவிக்கும் நேரத்தை நமக்குக் கடத்துகிறதா? அல்லது இயக்குநர் இந்த உத்தியை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டாரா? இரண்டுக்குமே ஆதரவாக வாதிடலாம். படத்திலிருந்தே காட்சிகளைக் காட்டலாம். ‘ஸ்லோ’ என்ற ஒற்றைச் சொல்லோ இந்த வாதத்தைத் தொடங்கவே விடாமல் அடைத்துவிடுகிறது.

குறை சொல்கிறவர்களிடம் மட்டும் இந்தக் கோளாறு இருப்பதாக நினைத்தால் அது ஒருதலைப்பட்சம். புகழ்கிறவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய விருதான டைகர் விருதைப் பெற்றது. பிறகு ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. திரையரங்குகளுக்கு வராமல் 2023 அக்டோபரில் நேரடியாக ஓடிடி தளத்தில் வெளியானது. அதைப் பற்றிய பாராட்டுகளில் ராட்டர்டாமும் ஆஸ்கரும் இடம்பெற்ற அளவுக்குப் படம் இடம்பெறவில்லை. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை இழுத்துவர, குடிகாரத் தகப்பன் ஒருவன் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். திரும்பி வருவதற்கான பேருந்துக் காசை அந்தப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். இருவரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு சிறுவனின் இந்தச் சிறு எதிர்ப்புத்தான் முழுப் படத்தையும் நகர்த்துகிறது. தகப்பனின் வன்முறைக்கும் மண்ணின் வறட்சிக்கும் உள்ள உறவைப் படம் எப்படிக் கட்டுகிறது, தண்ணீருக்காகப் பெண்கள் காத்திருக்கும் இறுதிக் காட்சி ஏன் அவ்வளவு நேரம் நீள்கிறது என்பன பேச வேண்டிய விஷயங்கள். வெளிநாட்டு விழாவின் முத்திரையை நெற்றியில் ஒட்டி வணங்குவது பேசாமல் இருப்பதற்கான மரியாதையான வழி. அது இன்னொரு தீங்கையும் செய்கிறது. விருது பெற்ற படத்தை ரசிக்காவிட்டால் தன்னிடம்தான் குறை இருக்கிறது என்று எண்ணும் பார்வையாளர், அடுத்த முறை அத்தகைய படத்தின் பக்கமே வருவதில்லை.

திரைப்படத்தைத் தொழிலாகவே கொண்டவர்களும் இந்த அவசரத்துக்குத் தப்புவதில்லை. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ 2024 மே மாதம் கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. ஷாஜி என். கருணின் ‘ஸ்வாஹம்’ 1994இல் இடம்பெற்றதற்கு 30 ஆண்டுகள் கழித்து, அந்த விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குள் நுழைந்த இந்தியப் படம் அது. ஆஸ்கர் விருதுக்கான இந்தியப் படத்தைத் தேர்ந்தெடுத்த குழு அதை அனுப்பவில்லை. இந்தியாவில் நடக்கும் ஓர் ஐரோப்பியப் படத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று குழுவினர் கருதியதாகப் பொறுப்பில் இருந்தவரே பேட்டியில் தெரிவித்தார். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தக் குழுவின் உரிமை. அதில் சண்டை இல்லை. அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மும்பை மருத்துவமனையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளச் செவிலியர்கள். ஒருத்தியின் கணவன் ஜெர்மனிக்குப் போனவன், பேச்சே விட்டுப்போய்விட்டது. திடீரென்று ஒரு நாள் அங்கிருந்து ஒரு சிவப்பு ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது. இன்னொருத்தி முஸ்லிம் இளைஞன் ஒருவனைக் காதலிக்கிறாள். இருவரும் தனியே சந்திக்க அந்தப் பெருநகரத்தில் ஓர் இடமில்லை. மருத்துவமனைச் சமையல்காரப் பெண்ணோ தான் குடியிருக்கும் வீடு தன்னுடையதுதான் என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் கட்டுமான நிறுவனத்திடம் தோற்று, கொங்கண் கடற்கரையில் இருக்கும் ஊருக்கே திரும்பிப் போகிறாள். மலையாளம், இந்தி, மராத்தி என்று மூன்று மொழிகள் கலந்து ஒலிக்கும் இந்த வாழ்க்கையில் ஐரோப்பா எங்கே இருக்கிறது? ஒளியைக் கையாளும் விதத்திலா, காட்சிகளின் நிதானத்திலா? அப்படியானால் அதையே சொல்லியிருக்கலாம். அப்போது, நிதானம் ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமா என்று சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை முன்வைத்து நாம் கேட்டிருக்கலாம். விவரம் இல்லாத தீர்ப்புக்கு மறுமொழி சொல்லக்கூட வழியில்லை. படம் வெளியான பிறகு அதிலிருந்த ஒரு நெருக்கமான காட்சியை மட்டும் வெட்டி எடுத்துக் கைபேசிகளில் சுற்றவிட்டார்கள் சிலர். இரண்டு மணி நேரப் படத்தைச் சில விநாடிகளாகச் சுருக்கும் அந்தச் செயல், இதே நோயின் முற்றிய நிலை.

இகழ்வது, வணங்குவது ஆகிய இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. படத்தை விடுகதையாக்கி விடை கண்டுபிடிப்பது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2023 ஜனவரியில் திரைக்கு வந்தபோது இது நன்றாகவே தெரிந்தது. வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளம் திரும்பும் நாடகக் குழுவினர் வண்டியில் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். ஜேம்ஸ் என்பவர் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமல்போன சுந்தரமாகவே மாறி அவர் வீட்டுக்குள் நுழைகிறார். இது கனவா, ஆவியா, மறுபிறவியா, குழுவினர் போடும் நாடகமா என்று ஆளுக்கொரு விடையைக் காணொளியாக்கினார்கள். விடை தேடுவது தவறில்லை. ஆனால் விடைக்கு ஓடிய வேகத்தில் படத்தின் மிக நுட்பமான வேலை கண்ணில் படாமல் போயிற்று. இந்தப் படத்துக்கென்று இசை எழுதப்படவில்லை. பழைய தமிழ்த் திரைப்பாடல்களும் படங்களின் வசனங்களும் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் இடைவிடாமல் ஒலிக்கின்றன. பல இடங்களில் பாத்திரங்கள் பேசாததை அந்தப் பாட்டுகளே பேசிவிடுகின்றன. தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசையாமல், வாசலுக்கும் திண்ணைக்கும் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறது. தமிழ்நாட்டுச் சாப்பாட்டையும் பாட்டையும் குறை சொல்லிக்கொண்டு வந்த ஜேம்ஸ், சுந்தரமானதும் அந்த ஊரின் சுவைக்குள்ளும் பேச்சுக்குள்ளும் இயல்பாகக் கரைந்துவிடுகிறார். இரண்டு மொழிகளுக்கிடையில் ஒரு மனிதன் இப்படிக் கூடு பாய முடிகிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது. மர்மத்துக்கு விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். எல்லாவற்றிலும் குறியீடு தேடுகிறவருக்குச் சேவல் சேவலாகவும் காளை காளையாகவும் தெரிவதில்லை.

முதல் கருத்து எவ்வளவு தடுமாறக்கூடியது என்பதற்குத் திரைப்பட வரலாறு நல்ல சாட்சி. மிக்கலாஞ்சலோ அன்டோனியோனியின் ‘லா அவெந்துரா’ 1960இல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது அரங்கில் கூச்சலும் கேலியும் எழுந்தன. ஒரு தீவில் காணாமல்போகும் பெண்ணைப் படம் கடைசிவரை கண்டுபிடித்துத் தருவதில்லை. தேடுகிறவர்களே நாளடைவில் அவளை மறந்துபோகிறார்கள். மர்மக் கதையை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்ததில் வியப்பில்லை. மறுநாளே படைப்பாளிகளும் விமர்சகர்களும் பலர் கையெழுத்திட்டுப் படத்துக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். அதே விழாவில் படம் நடுவர் குழுப் பரிசையும் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1962இல், பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு அடுத்த இடத்தில் அது நின்றது. அதே இதழ் 2022இல் 1600க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது, ஷாந்தால் அக்கர்மான் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’. 201 நிமிடங்கள் ஓடும் அந்தப் படத்தில் ஒரு விதவைத் தாய் மூன்று நாள்கள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கை விரிக்கிறாள்; பிழைப்புக்காக மதியங்களில் ஆண்களை வீட்டுக்கு அனுமதிக்கிறாள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோன உடனே, அவள் வாழ்க்கையில் ஏதோ கழன்றுவிட்டதை நாம் உணர்ந்துவிடுகிறோம். முதல் நாளின் அத்தனை நிமிடங்களையும் முழுதாகக் காட்டியிருக்காவிட்டால், இந்தச் சின்னத் தவறு நம்மை அப்படி அதிர வைத்திருக்காது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ 1978இல் ரஜினிகாந்த், கமல்ஹாசன், ஸ்ரீபிரியா நடித்து வந்தும் அன்று பெருவெற்றி பெறவில்லை. இன்று தமிழின் முக்கியமான படங்களின் பட்டியலில் அது இல்லாமல் இருப்பது அரிது. இவையெல்லாம், வரவேற்பில்லாத படங்கள் அத்தனையும் நாளைய காவியங்கள் என்று காட்டுவதற்கல்ல. மறக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை மறக்கப்பட வேண்டியவையே. பழக்கமில்லாத ஒரு வடிவத்தை முதல் முறை சந்திக்கையில் நம் எரிச்சல் படத்தின் குறையால் வருகிறதா, நம் எதிர்பார்ப்பு பொய்த்ததால் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்பதையே இவை உணர்த்துகின்றன.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர், வாரம் முழுக்க உழைத்து விடுமுறையில் அரங்குக்கு வந்தவர், சலிப்பாக இருந்தது என்று சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். சலிப்பு உண்மையான அனுபவம். அதை மறைத்துக்கொண்டு பாராட்டுவது பொய். ஆனால் எந்த இடத்தில் சலித்தது என்று சேர்த்துச் சொன்னால் அந்தச் சலிப்புக்கு மதிப்பு கூடிவிடுகிறது. ஆட்டோ பயணத்தின் நடுவே உறவினர்களின் உரையாடல் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் சலித்தேன் என்று ஒருவர் சொன்னால் அது விமர்சனம். கேட்கும் இன்னொருவர், திரும்பத் திரும்பச் சொல்வதுதானே அந்தக் குடும்பத்தின் நிர்ப்பந்தம் என்று பதில் சொல்லலாம். அந்த நிமிடத்திலேயே இரண்டு பேரும் படத்தை இரண்டாம் முறை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பார்வையாளரின் உரிமையை இது குறைப்பதில்லை. அவர் சொல்லுக்கு எடை சேர்க்கிறது. நட்சத்திரங்களையும் மதிப்பெண்களையும் யாரும் போட்டுவிடலாம். எந்தக் காட்சி எப்படித் தட்டுப்பட்டது என்பதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. சவாலான படம் என்ற போர்வையில் சரக்கில்லாத படங்களும் வருகின்றனவே. நீண்ட மௌனமும் வெறித்த பார்வையும் இருந்தால் கலைப்படம் என்று ஏமாற்றுகிறார்களே. பொறுமையாகப் பார், விவரமாகப் பேசு என்று சொல்வது அவர்களுக்குக் கேடயமாகாதா? போலிகள் இருப்பது உண்மைதான். வணிகப் படத்துக்கு ஒரு சூத்திரம் இருப்பதுபோல விழாப் படத்துக்கும் சூத்திரம் உருவாகிவிட்டது. வறுமையை அழகாகப் படம்பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் போலியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரக்கூடிய ஒரே கருவி விவரம்தான். ‘மொக்கை’ என்று திட்டினால் போலி இயக்குநருக்கு நட்டமில்லை. தன்னைப் புரிந்துகொள்ளாத கூட்டம் என்று சொல்லித் தப்பிவிடுவார். இந்த நான்கு நிமிடக் காட்சியில் முதல் நிமிடத்தில் தெரிந்ததைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, பாத்திரமும் மாறவில்லை, பார்க்கும் நானும் மாறவில்லை என்று எடுத்துக்காட்டினால் அவரால் பதில் சொல்ல முடியாது. நல்ல நீண்ட காட்சியும் போலியான நீண்ட காட்சியும் கடிகாரக் கணக்கில் ஒன்றாக இருக்கலாம். உள்ளே நடப்பதை எடுத்துச் சொல்லும்போதுதான் வேறுபாடு பிடிபடும். கண்ணை மூடிய புகழ்ச்சி போலிகளுக்கு இடம் கொடுக்கிறது. கண்ணை மூடிய இகழ்ச்சி நல்லவற்றையும் போலிகளோடு சேர்த்தே புதைக்கிறது.

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு, சாதாரண ரசிகரிடம் இதை எதிர்பார்ப்பது மேட்டிமைத்தனம் என்பது மூன்றாவது எதிர்ப்பு. நான் இதை முற்றாக மறுக்கிறேன். தமிழ் ரசிகர்களுக்கு நுணுக்கமாகப் பார்க்கத் தெரியாது என்று நினைப்பதுதான் மேட்டிமைத்தனம். டீக்கடையில் கிரிக்கெட் பேசுகிறவர்களைக் கேட்டால் போதும். எந்த ஓவரில் பந்துவீச்சாளரை மாற்றியிருக்க வேண்டும், பந்து எங்கே குத்தி எப்படித் திரும்பியது, ஃபீல்டரை எங்கே நிறுத்தியது பிழை என்றெல்லாம் விவரித்துவிட்டுத்தான் தோல்விக்கு யார் காரணம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து, எந்த வேஷக்காரர் எந்த இடத்தில் அடவு தவறினார் என்று மறுநாள் விவாதித்த மக்களுக்கு எந்தக் கல்லூரியும் ரசனைப் பாடம் நடத்தவில்லை. சவாலான படம் என்றதும் இதே மக்கள் வாயடைத்துப் போகிறார்கள் என்றால், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஏதோ தகுதி வேண்டும் என்று நாம்தான் நம்ப வைத்திருக்கிறோம். கோட்பாடும் கலைச்சொல்லும் தெரியாமலேயே, பாண்டியின் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட கணமே ஒருவர் நல்ல விமர்சகராகிவிடுகிறார்.

இந்தப் பேச்சுக்கு இன்று ஏன் இவ்வளவு அவசியம்? திரையரங்கப் பொருளாதாரம் முதல் மூன்று நாள்களாகச் சுருங்கிவிட்டதுதான் காரணம். வெள்ளி முதல் ஞாயிறுவரை கூட்டம் வராவிட்டால் திங்கள்கிழமை காட்சிகள் குறைக்கப்படுகின்றன. அடுத்த வெள்ளிக்குள் படம் அரங்கை விட்டே போய்விடுகிறது. பெரிய நட்சத்திரத்தின் படம் மோசமான பேச்சையும் தாங்கி முதல் மூன்று நாள்களில் ஓரளவு வசூலித்துவிடும். வாய்வழிப் பாராட்டால் மட்டுமே மெல்ல வளரக்கூடிய சிறிய படத்துக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், அரங்க வளாகத்துக்குள் யூடியூப் அலைவரிசைகள் பார்வையாளர் கருத்து எடுப்பதைத் தடுக்குமாறு திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாது என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. கருத்துரிமையைக் காரணம் காட்டித் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. அந்த மறுப்பு சரியானது. வாயை அடைப்பது தீர்வே ஆகாது. பார்வையாளரின் பேச்சைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது விளம்பரம் மட்டும்தான். ஆனால் சட்டம் காக்கும் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது நம் பொறுப்பு. அரங்க வாசலில் மைக்கை நீட்டுகிறவர் ‘படம் எப்படி?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘எந்தக் காட்சி மனதில் நிற்கிறது?’ என்று கேட்கத் தொடங்கினாலே பதில்களின் தரம் மாறிவிடும்.

இப்படிப் பேசும் மரபு நமக்குப் புதிதும் இல்லை. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். படம் பார்ப்பதும் பார்த்ததைப் பேசுவதும் எழுதுவதுமாக வளர்ந்த அந்த வட்டத்திலிருந்துதான் எட்டு ஆண்டுகளில் ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் 1960களில் தொடங்கிய சித்ரலேகா இயக்கமும் அது தூண்டிவிட்ட திரைப்படச் சங்கங்களும் ஊர் ஊராகப் பார்வையாளர்களை உருவாக்கின. திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் இன்று காணும் பெருங்கூட்டத்துக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. தமிழிலும் தியடோர் பாஸ்கரன் போன்றவர்களின் எழுத்தும், ‘நிழல்’, ‘காட்சிப்பிழை’ போன்ற இதழ்களும், சிறு திரையிடல் இயக்கங்களும் இந்த வேலையைக் குறைந்த வசதியோடு செய்துவந்திருக்கின்றன. இவற்றை விரிவாக்குவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கல்லூரிகள் மாதம் ஒரு படத்தைத் திரையிட்டு, படம் ஓடிய நேரத்தில் பாதியையாவது அதைப் பேச ஒதுக்கலாம். வெள்ளிக்கிழமை விமர்சனம் எழுதும் நாளிதழ்கள், இத்தகைய படங்களுக்குப் பத்து நாள் கழித்து இரண்டாவது கட்டுரைக்கு இடம் தரலாம்; அதில் முடிவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசலாம். ஒரு வாரத்தில் நாளுக்கு நான்கு காட்சிகள் போட்டுக் காலி இருக்கைகளைக் காட்டுவதைவிட, மூன்று வாரங்களுக்கு நாளுக்கு ஒரு காட்சி என்று திரையரங்குகள் திட்டமிடலாம். பார்த்தவர் பேசி, அந்தப் பேச்சு இன்னொருவரை அரங்குக்கு அனுப்ப அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

தனிநபராக நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. அடுத்த முறை ஒரு கடினமான படத்தைப் பார்த்துவிட்டு நண்பரிடம் சொல்லும்போது, என்ன பார்த்தேன், எந்த இடத்தில் என் கவனம் விழித்தது அல்லது விலகியது, படம் எதைச் சொல்லாமல் விட்டது என்ற மூன்றுக்கும் பதில் தேடிவிட்டு, பிடித்ததா என்ற கேள்விக்கு வரலாம். புரியவில்லை என்றால் எது புரியவில்லை என்று சொல்லலாம். அது வெட்கப்பட வேண்டிய ஒப்புதல் அல்ல, உரையாடலுக்கு ஆகச் சிறந்த தொடக்கம். இந்த மூன்றையும் சொன்ன பிறகும் படம் பிடிக்கவில்லை என்றால் அதை உரக்கவே சொல்லலாம், படைப்பாளி அதைக் கேட்டே ஆக வேண்டும். பெண்ணின் மௌனத்தையும் குடும்பத்தின் வன்முறையையும் நகரத்தின் தனிமையையும் கண்ணெடுக்காமல் பார்க்கும் படங்கள், நாம் அன்றாடம் பார்க்க மறுப்பவற்றைப் பார்க்கச் சொல்கின்றன. அவற்றை ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறவரும் ஒற்றைச் சொல்லில் கும்பிடுகிறவரும், பார்க்கும் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப் பழகிய பார்வையாளர்களை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது, எந்த விருதும் மிரட்ட முடியாது. தமிழில் துணிச்சலான படங்கள் வர வேண்டும் என்று நாம் உண்மையாகவே விரும்பினால், அத்தகைய பார்வையாளர்களாக முதலில் நாம் ஆக வேண்டும்.